ஈனோஸ் டாக்கெட்டின் காலும் ஓக்லாண்டர் சஞ்சீவியும்

ஈனோஸ் டாக்கெட்டை அவனுடைய கோவேறு கழுதை உதைத்தது. உதை இடுப்பில் விழுந்தது. ஈனோஸ் வேலிக்கு மேலாகப் பறந்து, பக்கத்து வீட்டுப் பூசணித் தோட்டத்தில் போய் விழுந்தான். பூசணி ஒன்று உடைந்தது எல்லோருக்கும் தெரிந்தது. ஈனோஸின் உடம்பில் என்ன உடைந்தது என்பதுதான் தெரியவில்லை. பார்த்துச் சொல்ல டாக்டர் இல்லை. வாபாஷ் ஆற்றின் அந்தக் கரைக்கு ஒரு டாக்டர் இருந்தது உண்மைதான். முந்தின கோடையில் நோயாளி ஒருவன் அவரைச் சுட்டுவிட்டான்.

டாக்டர் இல்லாத ஊரில் எல்லோரும் டாக்டர்கள். ஈனோஸைத் தூக்கிக் கட்டிலில் போட்ட கையோடு அவன் மனைவி டெல்ஃபி வாத்துக் கொழுப்பையும் டர்பன்டைனையும் காய்ச்ச ஆரம்பித்தாள். பூசணித் தோட்டத்துக்காரி மிஸஸ் ஸ்டக்கி ஒரு கறுப்புக் கோழியோடு வந்தாள். அதை உயிரோடு பிளந்து, சூடு ஆறுவதற்குள் இடுப்பில் கட்ட வேண்டுமாம். பாதிரியாரின் மனைவி ஆர்த்தமீசியா ஒரு வாளி நிறைய அரைத்த கடுகோடு வந்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்றான் ஈனோஸ்.

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் டெல்ஃபி.

"கடுகைப் போட்டா தோல் உரிஞ்சு போயிடும்டி" என்றாள் மிஸஸ் ஸ்டக்கி.

"தோல் உரியணும். நோய் வெளியே வர்றதுக்கு வழி வேணாமா? உன் கோழிக் குடலை வெச்சு ஆளையே கொன்னுடலாம். போன வருஷம் உன் மாமனாரை அப்படித்தானே அனுப்பி வெச்சே?"

இதற்குப் பிறகு பேச்சு நீளவில்லை. மிஸஸ் ஸ்டக்கி ஆர்த்தமீசியாவின் காதைக் கடித்தாள். ஆர்த்தமீசியா கடுகு வாளியை மிஸஸ் ஸ்டக்கியின் முகத்தில் கவிழ்த்தாள். பாதி பிளந்த கோழி அறை முழுக்கப் பறந்தது. டெல்ஃபி இரண்டு பேரையும் விலக்கப் போய், பிறகு இரண்டு பேரையும் அடித்தாள். கட்டில் நடு அறையில் கிடந்தபடியால் சண்டையின் முக்கியமான பகுதிகள் ஈனோஸின் மேலேயே நடந்தன. கடைசியில் சமாதானமாகி, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மருந்தையும் பூசினார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஈனோஸுக்கு இடுப்பில் தோல் இல்லை.

பனி உருகியபோது அவன் எழுந்து நடந்தான். இடுப்பு தானாகவே ஆறியது என்பது அவன் எண்ணம். அதை வெளியே சொல்லத் துணிச்சல் இல்லை. மூன்று பெண்களும் உயிரோடு இருந்தார்கள்.

இதற்கிடையில் லூஷியஸ் ஃபெல்ப்ஸ் என்றொருவன் வந்து போயிருந்தான். மஞ்சள் வண்டி, மெழுகு தடவிய மீசை, எதிராளியின் நாக்கைப் பார்க்காமல் பேசத் தெரியாத வாய். டாக்டர் ஓக்லாண்டர் சர்வரோக சஞ்சீவியின் ஏஜெண்டு அவன். ஈனோஸின் தலைமாட்டில் ஒரு புட்டியை வைத்துவிட்டுப் போனான். ஈனோஸ் அதில் ஒரு கரண்டி குடித்தான், வாந்தி எடுத்தான், ஒரு ஞானப்பாட்டைப் பாடினான், தூங்கிப் போனான். மிச்சத்தைக் கழுதை குடித்தது. அன்று அது லாயத்துக் கதவை உதைத்துப் பெயர்த்தது.

வசந்தத்தில் ஃபெல்ப்ஸ் திரும்பி வந்தபோது ஈனோஸ் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஃபெல்ப்ஸ் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த மாதம் இந்தியானா மாநிலத்தின் ஒவ்வொரு மளிகைக் கடையிலும் ஈனோஸின் படம் தொங்கியது. "எட்டு வருடம் படுத்த படுக்கை! பன்னிரண்டு டாக்டர்கள் கைவிட்டார்கள்! சவப்பெட்டிக்கு அளவெடுத்தாயிற்று! ஓக்லாண்டர் சஞ்சீவி எழுப்பியது!"

ஈனோஸ் அதை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"டெல்ஃபி, நான் எட்டு வருஷமா படுத்தே கிடந்தேன்?"

"உன் சோம்பேறித்தனத்தையும் கூட்டிக்கிட்டா கணக்குச் சரியாத்தான் வருது" என்றாள் டெல்ஃபி.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் இந்தியானா சட்டசபையில் ஒரு சட்டம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. மருந்துப் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் புட்டியின் மேல் எழுத வேண்டுமாம். இப்படியொரு அநியாயத்தை நாட்டில் எந்த மருந்துக் கம்பெனியும் கேட்டதில்லை. ஃபெல்ப்ஸ் மஞ்சள் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தான்.

"டாக்கெட், சட்டசபை ஆளுங்க எங்க நிலையத்தைப் பார்வையிட வர்றாங்க. குணமானவங்களை நேர்ல பாக்கணும்கிறாங்க. நீ வந்து நிக்கணும்."

"நின்னாப் போதுமா?"

"போதும். போக வர ரயில், புதுக் கோட்டு, மாட்டிறைச்சி வறுவல், இனிப்புக்கு ஆப்பிள் பை. உன் வீட்டுக்காரியையும் கூட்டிக்க."

ஆப்பிள் பைக்காக ஈனோஸும், பட்டணம் பார்க்க டெல்ஃபியும் புறப்பட்டார்கள்.

ஓக்லாண்டர் ஆரோக்கிய நிலையம் கோர்ட்டைவிடப் பெரிய கட்டடம். உச்சியில் ஒரு கோபுரம். உள்ளே போனதும் நிறுவனர் டாக்டர் ஓக்லாண்டரின் ஆளுயரப் படம். எல்லோரும் அதன் முன் தொப்பியைக் கழற்றினார்கள். டாக்டர் ஓக்லாண்டர் என்று ஒருவர் பிறக்கவே இல்லை. படத்தில் இருந்தவர் திவாலாகிப்போன ஒரு விதை வியாபாரி. ஏலத்தில் மலிவாகக் கிடைத்த படம். ஆனால் தொப்பியைக் கழற்றாதவர்களைக் காவலர்கள் முழங்கையால் விலாவில் குத்தினார்கள். ஈனோஸ் கழற்றினான். குனிந்து கும்பிட மறந்ததற்காக ஒரு குத்து வாங்கினான்.

நடையின் இருபுறமும் துறைகள். நன்றித் துறை, வியப்புத் துறை, கண்ணீர்த் துறை. கடைசியில் 'அறிகுறித் துறை' என்று ஒரு கதவு. அதன் பின்னாலிருந்து யாரோ அலறினார்கள்.

"அது என்ன சத்தம்?" என்றான் ஈனோஸ்.

"ஒருத்தருக்கு அறிகுறி தென்படுது" என்றான் ஃபெல்ப்ஸ்.

குணமானவர்கள் உட்காரும் கூடத்தில் அவர்களை விட்டுவிட்டு அவன் போனான். கூடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் தரையில் குப்புறக் கிடந்தான். அவன் முதுகில் குத்தியிருந்த அட்டையில் 'குடியிலிருந்து மீண்டவர்' என்று எழுதியிருந்தது. அவனிடமிருந்து வந்த நெடியில் ஈனோஸுக்குக் கண் எரிந்தது.

"நான் குடிக்கிறதே இல்ல" என்றான் அவன், தரையைப் பார்த்து. "காலையில ரெண்டு புட்டி சஞ்சீவி, ராத்திரி ரெண்டு. அவ்வளவுதான். குடியை நினைச்சாலே குமட்டுது."

இன்னொருத்தி பெரிய உடம்புக்காரி. பெயர் திர்சா. அவள் அட்டையில் 'செவிடு நீங்கியவள்' என்று இருந்தது. டெல்ஃபி அவளிடம் நலம் விசாரித்தாள்.

"வாயை நல்லாத் திறந்து பேசு, தங்கச்சி. உதட்டைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவேன். காது சுத்தமாக் கேக்காது" என்று கூடமே அதிரச் சொன்னாள் திர்சா.

"செவிடு நீங்கினதுன்னு போட்டிருக்கே?"

"அப்போ நான் செவிடாவே இல்ல. சளி பிடிச்சுக் காது அடைச்சிருந்துது. வெங்காயத்தைச் சுட்டுச் சாறு விட்டேன், சரியாப் போச்சு. பக்கத்து வீட்டுக்காரி இவங்ககிட்ட போய்ச் சொல்லிட்டா. கூட்டிட்டு வந்தாங்க. எனக்குக் காது கேக்குதுன்னு சனங்க நம்பணுமே? அதுக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் மேடையில என் முதுகுக்குப் பின்னால பீரங்கி வெடிப்பாங்க. நான் துள்ளுவேன். எல்லாரும் கை தட்டுவாங்க. மொதல்ல நிஜமாவே துள்ளினேன். இப்போ தரை அதிர்றதைப் பாத்துக்கிட்டுத் துள்ளுறேன்."

"ஐயோ! இதைவிட்டுட்டுப் போயிட வேண்டியதுதானே?"

திர்சா அட்டையைத் தட்டிக் காட்டினாள். "வெளியே போனா நான் செவிடி. இங்கே இருந்தா குணமானவ."

ஈனோஸ் கதவைப் பார்த்தான். கதவு பூட்டியிருந்தது. அவன் எழுந்து அதை ஆட்டிப் பார்க்கும்போதே அது வெளியிலிருந்து திறந்தது. ஹோக் சகோதரர்கள் என்ற இரண்டு தடியர்கள் உள்ளே வந்தார்கள். நிலையத்தில் மருத்துவ உதவியாளர்களாகச் சேர்வதற்கு முன்னால் இருவரும் கசாப்புக் கொட்டடியில் மாடு அடித்தவர்கள். "ஒத்திகை" என்று சொல்லி, ஈனோஸை ஆளுக்கொரு கையாகப் பிடித்து அறிகுறித் துறைக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே கமிட்டி கூடியிருந்தது. நடுவில் நிலையத்தின் இயக்குநர் கர்னல் ப்ரூடன். எந்தப் போரில் கர்னலானார் என்று யாரும் கேட்டதில்லை. வலப்பக்கம் தலைமை மருத்துவர் டாக்டர் ஸ்க்ரோப். அவர் முன்பு கால்நடை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். கூடவே ஃபெல்ப்ஸ். மூலையில் அடுப்பின் மேல் ஒரு பெரிய கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

"நடந்து காட்டுங்க மிஸ்டர் டாக்கெட்" என்றார் கர்னல்.

ஈனோஸ் நடந்தான். கமிட்டியின் முகம் சுண்டியது.

"இப்படியா நடக்கிறது? உங்களைப் பாத்தா எட்டு வருஷம் படுத்துக் கிடந்தவர் மாதிரியா இருக்கு?"

"நான் படுத்துக் கிடந்தது ஒரு குளிர்காலம்தாங்க."

"எட்டு வருஷம்னு அச்சடிச்சாச்சு. இந்த நிலையம் தொடங்கின நாள்லேர்ந்து நாங்க ஒரு பொய் சொன்னதில்லை. பொய்னா என்ன? நடக்காததைச் சொல்றது. நாங்க முதல்ல சொல்லிடுவோம், அப்புறம் அதை நடக்க வெச்சுடுவோம். அதனாலதான் சனங்க எங்களை நம்புறாங்க. இன்னிக்கு உங்களை ஸ்டிரெச்சர்ல தூக்கிட்டு வருவாங்க. சட்டசபை ஆளுங்க முன்னால சஞ்சீவியைக் குடிப்பீங்க. எழுந்து நடப்பீங்க. அதுக்கு, குடிக்கிறதுக்கு முன்னால உங்களால நடக்க முடியாம இருக்கணும். எங்களோட சங்கடம் உங்களுக்குப் புரியுதில்ல?"

ஈனோஸுக்குப் புரிய ஆரம்பித்தது. "நான் நொண்டி மாதிரி நடிக்கிறேங்க. நல்லா நடிப்பேன்."

கர்னல் மேசையில் குத்தினார். "நடிப்பா? மக்கள் பிரதிநிதிங்க முன்னாலயா? இது என்ன கூத்துக் கொட்டகையா? மோசடிக்கு இங்கே இடமே கிடையாது! டாக்டர், சுத்தியல்."

டாக்டர் ஸ்க்ரோப் ஓக் மரச் சுத்தியல் ஒன்றை எடுத்தார். தலையில் ஃபிளானல் துணி சுற்றியிருந்தது. நோயாளிக்கு மரியாதை தருவதற்காக.

"எது? அச்சில இடுப்புன்னு இருக்கு" என்றார் ஸ்க்ரோப்.

"இடுப்பு வேணாம். மேடையில உக்கார வைக்க முடியாது. முழங்கால் போதும். அச்சுப்பிழைன்னு சொல்லிக்கலாம்."

ஹோக் சகோதரர்கள் ஈனோஸைத் தூக்கி மேசையில் கிடத்தினார்கள். "ஐயா, முழங்காலை உடைச்சிட்டா நான் எப்படிங்க எழுந்து நடப்பேன்?"

"சஞ்சீவி குடிச்சு."

"அது எலும்பை ஒட்டுமாங்களா?"

சர்ச்சில் ஜெபத்தின் நடுவே யாரோ குசு விட்டது போல அறை அமைதியானது. கர்னல் பொறுமையாக, ஒரு தகப்பன் சொல்வதைப் போலச் சொன்னார்: "மருந்து அது வேலையைச் செய்யும். குணமாகிறது நோயாளியோட வேலை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. எங்க மருந்து இதுவரைக்கும் தோத்ததே இல்லை. நோயாளிங்கதான் சில பேர் தோத்துப் போயிருக்காங்க. அவங்களை நாங்க மன்னிச்சிட்டோம். எங்க செலவுலயே புதைச்சும் குடுத்தோம். எல்லாரும் எழுந்து நில்லுங்க, ஜெபம் பண்ணுவோம்."

ஜெபம் பண்ணினார்கள். மூத்த ஹோக் சுத்தியலை வாங்கி உள்ளங்கையில் எச்சில் துப்பிக்கொண்டான். ஈனோஸ் தன் வாழ்நாளில் அவ்வளவு உரக்க யாரையும் கூப்பிட்டதில்லை.

"டெல்ஃபீ!"

டெல்ஃபி கதவைத் திறக்கவில்லை. கதவோடு உள்ளே வந்தாள். மேசையையும் சுத்தியலையும் பார்த்தாள். யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. கெட்டிலைத் தூக்கி மூத்த ஹோக்கின் முதுகில் கொட்டினாள். சட்டைக்குள் கொதிநீர் இறங்கிய அதே நொடியில் அவன் சுத்தியலை வீசினான். அது ஈனோஸின் இடது கையை வழியில் நசுக்கிவிட்டு, மேசை விளிம்பைத் தாண்டி, டாக்டர் ஸ்க்ரோப்பின் முழங்காலில் இறங்கியது. காய்ந்த விறகு முறிவதைப் போலச் சத்தம் கேட்டது.

இளைய ஹோக் டெல்ஃபியின் கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் அவன் கட்டைவிரலைக் கடித்தாள். எலும்பு வரை கடித்தாள். மூத்தவன் வெந்த முதுகோடு ஈனோஸின் கழுத்தில் ஏறி உட்கார்ந்தான். தரையில் டாக்டர் ஸ்க்ரோப் உருண்டார். ஃபெல்ப்ஸ் கடமை தவறாதவன். ஓடிப்போய் ஒரு புட்டியைத் திறந்து அவர் வாயருகே நீட்டினான்.

"குடிங்க டாக்டர், குடிங்க!"

"அந்தச் சாக்கடைத் தண்ணியைத் தூரக் கொண்டு போடா!" என்று கத்தினார் தலைமை மருத்துவர். "டாக்டரைக் கூப்பிடு! படிச்ச டாக்டரை!"

கர்னல் மட்டும் பதறவில்லை. குனிந்து முழங்காலைச் சோதித்தார். திருப்தியாகத் தலையசைத்தார்.

"ஒரு முழங்கால் வேணும்னோம். கிடைச்சாச்சு. டாக்கெட்டோட முகத்தை நிஜத்துல யாரு பாத்திருக்கா? டாக்கெட்டோட கோட்டைக் கழட்டி டாக்டருக்கு மாட்டுங்க."

"கர்னல்! நான் ஸ்க்ரோப்! உங்க மச்சினன்!"

"எட்டு வருஷ வேதனையில பிதற்றுறார்" என்று ஃபெல்ப்ஸிடம் சொன்னார் கர்னல். "மேடையிலயும் இப்படியே பிதற்றினா நல்லா இருக்கும்."

சட்டசபை உறுப்பினர்கள் மதிய விருந்து முடிந்து அரங்கில் வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு நாற்காலிக்கும் கீழே ஒரு புட்டி இலவசம். பாதிப் புட்டிகள் அதற்குள் காலி. மேடையின் பின்புறம் சஞ்சீவிப் புட்டிகளை ஆளுயரத்துக்குக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். அதன் பக்கத்தில் பித்தளைப் பீரங்கி. பக்கவாட்டில் ஒரு பெஞ்சில் குணமானவர்கள். ஈனோஸின் நசுங்கிய கையைப் பூங்கொத்துக்குள் மறைத்துக் கட்டியிருந்தார்கள். டெல்ஃபியின் வாயில் துணி. அவள் மார்பில் புது அட்டை: 'வெறிநோய் நீங்கியவள்.'

சட்டசபைக் குழுவின் தலைவர் பிக்கரில் எழுந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"கனவான்களே! புட்டியில என்ன இருக்குன்னு மக்கள் தெரிஞ்சுக்கணுமாம். ஏன்? என் தலைக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா எனக்கு ஓட்டுப் போட்டாங்க? நம்பிக்கைங்க, நம்பிக்கை! இந்த நாடு அது மேலதான் நிக்குது!" கைதட்டல் எழுந்தது. அவர் உட்கார்ந்தார். நாற்காலி அங்கே இல்லை.

ஸ்க்ரோப்பை ஸ்டிரெச்சரில் கொண்டு வந்தார்கள். அவர் கர்னலின் தாயைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லி அலறினார்.

"கேளுங்கள்! எட்டு வருட வேதனையின் குரலைக் கேளுங்கள்!" என்றார் கர்னல்.

இளைய ஹோக் ஸ்க்ரோப்பின் மூக்கைப் பிடித்தான். மூத்தவன் புட்டியை வாயில் கவிழ்த்தான். பிறகு இருவரும் அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கி மேடையில் நடத்தினார்கள். ஒடிந்த கால் தாளத்துக்கு ஆடியது. ஸ்க்ரோப் மூத்த ஹோக்கின் காதைக் கடித்தார்.

"தெம்பு வந்துடுச்சு, பாருங்க!" என்றார் கர்னல். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

மூன்றாவது வரிசையில் ஓர் உறுப்பினர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். "அந்த ஆள் நடக்கலையே. தூக்கிட்டுல்ல போறாங்க?"

"யாரைப் பாத்துப் பொய்யன்கிறே?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"உன்னைச் சொல்லலை."

"அப்போ என்னைப் பொய்யன்னு சொல்ற அளவுக்குக்கூட மதிக்கலையா?" என்று சொல்லி அவர் முகத்தில் புட்டியால் அடித்தார்.

அது போதுமானதாக இருந்தது. ஒரு கட்சி இன்னொரு கட்சியை அடித்தது. பிறகு எந்தக் கட்சி என்பதை மறந்து அடித்துக்கொண்டார்கள். நாற்காலிகள் பறந்தன. பத்திரிகைக்காரர்கள் ஜன்னல் விளிம்பில் ஏறி நின்று, யார் விழுவார்கள் என்று பந்தயம் கட்டினார்கள். பிக்கரில் ஒருவரின் மேல் உட்கார்ந்துகொண்டு, அவர் தலையைத் தரையில் மோதியபடி, "ஒழுங்கு! ஒழுங்கு!" என்று கத்தினார். பல், ரத்தம், ஒரு பொய்த்தாடி எல்லாம் மேடை வரைக்கும் வந்து விழுந்தன.

கூட்டத்தை அடக்க நிலையத்துக்கு ஒரே வழிதான் தெரியும். "பீரங்கி! திர்சாவை நிறுத்துங்க!" என்றார் கர்னல்.

வழக்கமாகத் திரி பற்ற வைப்பவன் குடியிலிருந்து மீண்டவன். அவன் பெஞ்சுக்கடியில் கிடந்தான். கர்னல் அவனைக் காலால் எத்தினார். "நான் குடிக்கிறதே இல்ல" என்றான் அவன். எழுந்திருக்கவில்லை.

திர்சா எழுந்து வந்தாள். வழக்கமாகப் பீரங்கிக்கு முதுகைக் காட்டி நிற்பவள் அன்று பீரங்கிக்குப் பின்னால் போய் நின்றாள். தீக்கோலைக் கையில் எடுத்தாள். பீரங்கியின் வால்பக்கத்தை அந்தப் பெரிய இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினாள். பித்தளை வாய் கர்னலையும் அவருக்குப் பின்னாலிருந்த புட்டிக் கோபுரத்தையும் பார்த்துத் திரும்பியது.

"கர்னல்!" என்றாள் திர்சா. சண்டைச் சத்தத்தை மீறி அந்தக் குரல் அரங்கின் மூலை வரைக்கும் போனது. "இந்தச் சத்தம் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு. நீங்க கேட்டுச் சொல்றீங்களா?"

"திர்சா, நன்றி வேணும் திர்சா! உன்னைக் குணப்படுத்தினது யாரு?"

அவள் அவருடைய உதட்டைக் கவனமாகப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். தீக்கோலை வைத்தாள்.

குண்டு இல்லை. வெறும் வெடிமருந்தும் கந்தல் துணி அடைப்பும்தான். அடைப்பு கர்னலின் காதோரமாகப் போய்க் கோபுரத்தின் வயிற்றில் இறங்கியது. ஆயிரக்கணக்கான புட்டிகள் ஒரே நேரத்தில் வெடித்தன. கண்ணாடி மழையாகப் பெய்தது. நீல நெருப்பு ஒன்று மேடையில் இறங்கி, படிகளில் வழிந்து, நாற்காலிகளுக்குக் கீழே அவசரமில்லாமல் ஓடியது. சஞ்சீவியில் என்ன இருக்கிறது என்பதைச் சட்டம் இல்லாமலே எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். சட்டசபை உறுப்பினர்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். சிலர் ஜன்னலைத் திறந்துவிட்டுக் குதித்தார்கள். ஹோக் சகோதரர்கள் ஸ்க்ரோப்பைப் போட்டுவிட்டு ஓடினார்கள். முழங்கால் உடைந்த ஸ்க்ரோப் ஒற்றைக் காலில் நொண்டியடித்து அவர்களை முந்திக்கொண்டு போனார். ஈனோஸ் ஒரு கையால் டெல்ஃபியின் வாயிலிருந்த துணியைப் பிடுங்கினான். டெல்ஃபி குடிகாரனை ஒரு காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். திர்சா கடைசியாக, கோபுரம் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தபடி வெளியே வந்தாள்.

புல்வெளியில் எல்லோரையும் வரிசையாகக் கிடத்தினார்கள். கர்னலுக்கு உயிர் இருந்தது. தாடி இல்லை. தோளில் கண்ணாடித் துண்டுகள் குத்தி நின்றன. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் கழுத்து வரை இறங்கியிருந்தது.

"ஏன் எல்லாரும் இவ்வளவு மெதுவாப் பேசுறீங்க?" என்று அவர் கேட்டார்.

ஷெரீஃப் வந்தார். பீரங்கியை வெடித்தது யார் என்று விசாரித்தார். ஈனோஸ் தன் காலணியைப் பார்த்தான். டெல்ஃபி வானத்தைப் பார்த்தாள். குடியிலிருந்து மீண்டவன் கையைத் தூக்கி, "நானாத்தான் இருக்கும். எதுவா இருந்தாலும் நானாத்தான் இருக்கும்" என்றான். இப்படிப்பட்ட வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள ஷெரீஃபுக்கு வழியில்லை. அவர் போய்விட்டார்.

கட்டடம் எரிந்துகொண்டிருக்கும்போதே நிலையத்தின் நிர்வாகக் குழு புல்வெளியில் கூடியது. நிற்க முடிந்தவன் ஃபெல்ப்ஸ் ஒருவன்தான். அவனையே புதிய இயக்குநராகத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டுப்போட்ட தலையோடு பிக்கரில் படுத்தபடியே சட்டசபை உறுப்பினர்கள் முன் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார்: கல் கட்டடத்தையே வீழ்த்தக்கூடிய ஒரு மருந்தைச் சத்தில்லாதது என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே இந்தச் சட்டம் தேவையற்றது. இருந்த பல்லைக் கொண்டு எல்லோரும் "ஆம்" என்றார்கள்.

ஃபெல்ப்ஸ் தன் காமிராவைக் கர்னலின் முன்னால் நிறுத்தினான்.

"இது நாள் வரைக்கும் நமக்கு ஒரு நிஜ நோயாளி கிடைச்சதில்ல" என்று நிர்வாகக் குழுவிடம் சொன்னான். குரல் தழுதழுத்தது. "பிறவிச் செவிடர்னு அச்சடிப்போம். சனிக்கிழமை வாடகைக் கொட்டகையில மேடை. புது பீரங்கிக்குச் சொல்லி அனுப்புங்க. போனதைவிடப் பெருசா இருக்கட்டும்."

கர்னலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உதடுகளைப் பார்த்தார். பீரங்கி என்ற சொல் உதட்டில் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "வேணாம்! நான் உங்க கர்னல்! எவனாவது சொல்லுங்கப்பா இவன்கிட்ட!" ஹோக் சகோதரர்கள் அவரை ஆளுக்கொரு கையாகப் பிடித்து மஞ்சள் வண்டியில் ஏற்றினார்கள். அவர் அலறியபடியே போனார். குழு படுத்தபடியே ஜெபம் பண்ணியது.

திர்சா வண்டி போன திக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. மார்பிலிருந்த அட்டையைப் பிய்த்துப் புல்லில் போட்டாள்.

"எங்க ஊருக்கு வந்துடு அக்கா" என்றாள் டெல்ஃபி, வாயை நன்றாகத் திறந்து.

"நான் செவிடி. என்னை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?"

"எங்க ஊர்ல ஒருத்தரும் அடுத்தவங்க சொல்றதைக் கேக்குறதில்ல. உனக்குப் பழகிடும்."

மூன்று பேரும் ரயிலடியை நோக்கித் திரும்பியபோது ஃபெல்ப்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்தான். ஒரு கையில் காமிரா, இன்னொரு கையில் எப்படியோ தப்பிப் பிழைத்த ஒரு புட்டி.

"டாக்கெட்! நில்லுப்பா. கை நசுங்கிடுச்சாமே? அருமை. ஒரு படம் எடுத்துக்கிறேன். கையே இல்லாம பிறந்தவன், சஞ்சீவி குடிச்சுக் கை முளைச்சிடுச்சுன்னு..." அவன் ஈனோஸின் இடது கையைக் கூர்ந்து பார்த்தான். "மணிக்கட்டோட எடுத்துட்டா இன்னும் நல்லா இருக்கும். வலிக்காது. ஹோக்கைக் கூப்பிடட்டுமா?"

ஈனோஸ் இதுவரை ஒரு மனிதனை அடித்ததில்லை. உதைத்த கழுதையைக்கூட அடித்ததில்லை. அதனால் எப்படி அடிப்பது என்று கொஞ்சம் யோசித்தான். பிறகு வலது கையை மடக்கி, மெழுகு மீசையின் நடுவில் அடித்தான். ஃபெல்ப்ஸ் காமிராவின் மேல் விழுந்தான். காமிரா உடைந்தது. ஈனோஸ் குனிந்து, அவனைக் கழுத்துப் பட்டையில் பிடித்துத் தூக்கி நிறுத்தி, இன்னொரு தடவை அடித்தான். இந்தத் தடவை சரியாக விழுந்தது. ஃபெல்ப்ஸின் முன்பற்கள் இரண்டும் ஈனோஸின் விரல் முட்டியில் ஏறி நின்றன. புட்டி உருண்டு சாக்கடைக்குப் போயிற்று.

மூன்று பேரும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். ரயிலடிக்குப் பக்கத்தில் டெல்ஃபி நின்று, அவனுடைய வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். அது வீங்கிக் கறுத்திருந்தது.

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குது."

"வீட்டுக்குப் போனதும் வாத்துக் கொழுப்பு காய்ச்சித் தடவட்டுமா?"

ஈனோஸ் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"அந்த இடது கைக்கு என்ன வேணும்னாலும் பூசிக்க. இதுக்கு ஒண்ணும் வேணாம்" என்றான். "இது கொஞ்ச நாள் வலிக்கட்டும்."